அரைப் பக்க நாடு

ஒவ்வோர் ஆண்டும் தை பிறந்து சில வாரங்களுக்குள் கூடலூரிலிருந்து எனக்கு ஒரு பொதி வந்து சேரும். அனுப்புகிறவர் என் பெரியப்பாவின் மகன். இலங்கையின் மலையகத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போன குடும்பங்களுள் பெரியப்பாவின் குடும்பமும் ஒன்று. அப்பா இங்கே இலங்கையிலேயே தங்கிவிட்டார். பொகவந்தலாவைப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயம் ஒன்றில் பிறந்து, பன்னிரண்டு வயதில் நீலகிரிக்குப் போன அண்ணன், அங்கேயும் தேயிலைக்குள்தான் வளர்ந்தார். நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த செய்தி கிடைத்ததும், தமிழகத்தில் விற்பனையாகும் ஆண்டுநூல் ஒன்றை வாங்கி அனுப்பத் தொடங்கினார். முதற்பொதிக்குள் ஒரு துண்டுக் கடிதமும் இருந்தது: "தம்பி, உங்க நாட்டப் பத்தி இதுல அரைப் பக்கந்தான் போட்டிருக்காங்க. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடு."

அந்த அரைப் பக்கத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. பரப்பளவு 65,610 சதுர கிலோமீற்றர், தலைநகரம், நாணயம், மொழிகள், ஆட்சித் தலைவரின் பெயர், முன்னாளில் சிலோன் என்று வழங்கிய நாடு என்ற ஒரு வரி. அவ்வளவுதான். அதற்கு முன்னால் ஸ்பெயின் இருந்தது. பின்னால் சூடான் வந்தது. எண்ணூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அந்த நூலின் மற்ற இடங்களிலெல்லாம் நான் பேசும் மொழி இருந்தது. நான் வாழும் மண் மட்டும் அந்த அரைப் பக்கத்துக்குள் மடிந்து கிடந்தது. நூலை ஆக்கியோரிடம் நான் குறை காணவில்லை. தம் வாசகர் யாரோ அவருக்காக எழுதினார்கள். நான் அந்த வாசகன் இல்லை. ஆனால் நான் எந்த நூலின் வாசகன் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விட்டு அகலவில்லை.

ஆண்டுநூல் என்பது உலகம் முழுவதையும் இரண்டு அட்டைகளுக்குள் வைத்துத் தருவதாகச் சொல்லிக்கொள்ளும் நூல். உண்மையில் அது ஓர் இடத்தில் நின்றுகொண்டுதான் உலகத்தைப் பார்க்கிறது. ஜோசப் விட்டேக்கர் 1868ஆம் ஆண்டு மார்கழியில் இலண்டனில் தமது பஞ்சாங்கத்தின் முதல் இதழை வெளியிட்டபோது, அந்த நூல் நின்ற இடம் இலண்டன். கிரகணமும் சூரியோதயமும் அந்த ஊரினுடையவை. பிரபுக்களின் பட்டியலும் பாராளுமன்றத்தின் பட்டியலும் அந்த நாட்டினுடையவை. இலங்கை அதன் பிற்பகுதியில் பேரரசின் குடியேற்ற நாடுகளுள் ஒன்றாக இடம்பெற்றது. பத்தாண்டு கழித்து, 1878இல், தேம்சு நதிக்கரையில் கிளியோபாட்ராவின் ஊசி என்ற எகிப்தியத் தூணை நிறுத்தியவர்கள், வருங்காலத்தவருக்கென அதன் அடியில் புதைத்த பொருள்களுள் விட்டேக்கரின் பஞ்சாங்கமும் ஒன்று. தம் காலத்தை ஒரே நூலால் விளக்கிவிட முடியும் என்று அவர்கள் நம்பினார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. அதே 1868இல் நியூயோர்க்கின் 'வேர்ல்ட்' நாளிதழ் தொடங்கிய உலகப் பஞ்சாங்கம் 1876இல் நின்று, ஜோசப் புலிட்சரின் கையால் 1886இல் மறுபடி உயிர்பெற்றது. உலகம் என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கியிருந்தாலும் அதன் பெரும்பகுதி அமெரிக்காதான். பிரான்சுக்கு 'கிட்' என்ற நூல், ஜேர்மனிக்கு 'பிஷர்' பதிப்பகத்தின் உலகப் பஞ்சாங்கம், பிரேசிலுக்கு 'ஆப்ரில்' என்று ஒவ்வொரு நாடும் தனக்கென ஒன்றைச் செய்துகொண்டது. இவற்றுள் எந்த ஒன்றும் இன்னொன்றின் மொழிபெயர்ப்பாக இருந்ததில்லை. மலைகளின் உயரமும் கோள்களின் தூரமும் எல்லாவற்றிலும் ஒன்றே. ஆனால் எது முதலில் வரும், எதற்கு நாற்பது பக்கம், எதற்கு அரைப் பக்கம் என்பதில்தான் ஒரு நாட்டுப் பதிப்பு நாட்டுப் பதிப்பாகிறது.

இந்தியாவில் இது வேறு வடிவம் எடுத்தது. கோட்டயத்தைச் சேர்ந்த மனோரமா நிறுவனம் 1959இல் மலையாளத்தில் தொடங்கிய ஆண்டுநூல், 1965இல் ஆங்கிலத்திலும், பின்னர் தமிழ், இந்தி, வங்காளம் ஆகிய மொழிகளிலும் வரலாயிற்று. அங்கே பதிப்பைப் பிரிப்பது மொழி. நாடு எல்லாவற்றுக்கும் பொது. இதை ஓர் ஆசிரியனாகச் சிந்தித்தபோதுதான் என் நிலை எனக்குத் தெளிவாயிற்று. மொழிப் பதிப்பு வேறு, நாட்டுப் பதிப்பு வேறு. தமிழ் மொழிப் பதிப்பு இராமேசுவரம் வரை வந்து நின்றுவிடுகிறது. கடலைத் தாண்டினால் மொழி தொடர்கிறது, 'நமது நாடு' என்ற சொல்லின் பொருள் மாறிவிடுகிறது.

அது எப்படி மாறுகிறது என்பதை நான் என் வகுப்பறையில் கற்றுக்கொண்டேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பொது அறிவுப் போட்டி ஒன்று நடத்துவதற்காக, அண்ணன் அனுப்பிய நூலை வாசிப்பு மேசையில் வைத்திருந்தேன். எங்களிடம் இருந்த ஒரே பெரிய நூல் அது. 'நமது தேசிய மலர் எது?' என்ற கேள்விக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் தாமரை என்று எழுதினார்கள். தேசியப் பறவைக்கு மயில்; தேசிய மரத்துக்கு ஆல். நூலில் 'நமது' என்றுதான் அச்சிட்டிருந்தது, பிள்ளைகள் நம்பினார்கள். இலங்கையின் தேசிய மலர் நீலோற்பலம், மரம் நாகமரம், பறவை காட்டுக்கோழி என்று நான் கரும்பலகையில் எழுதியபோது, முதல் வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்து, "அப்ப இந்தப் புத்தகம் பொய்யா சேர்?" என்று கேட்டாள். பொய் இல்லை, அது வேறொரு நாட்டின் 'நமது' என்று நான் சொன்ன பதில் பத்து வயதுப் பிள்ளைக்குப் போதுமானதாக இருக்கவில்லை. அந்தப் பிழை என்னுடையது. நூலை மேசையில் வைக்கும் முன்னால் அதை நான் அவர்களுக்கு அறிமுகப்படுத்தியிருக்க வேண்டும்.

பெயர்களும் சின்னங்களும் எளிதில் திருத்தக்கூடியவை. சொற்கள் அவ்வாறில்லை. ஒரே தமிழில் எழுதப்பட்ட ஆண்டுநூலை மலையகத்துப் பிள்ளை படிக்கும்போது அடிக்கடி இடறுவது இங்கேதான். அந்நூலில் நாடாளுமன்றம்; நமக்குப் பாராளுமன்றம். அங்கே அரசிதழ், இங்கே வர்த்தமானி. அங்கே குடியரசுத் தலைவர், இங்கே ஜனாதிபதி. சொல் மட்டும் மாறியிருந்தால் பாதகமில்லை, அந்தப் பதவிகளின் அதிகாரமே வேறு. அங்கே மாநிலம், மாவட்டம், வட்டம். இங்கே மாகாணம், மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, அதற்கும் கீழே கிராம உத்தியோகத்தர் பிரிவு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று அவர்கள் எழுதுவதை நம் திணைக்களம் குடிசன மதிப்பீடு என்கிறது. அவர்கள் கோடியில் எண்ணுகிறார்கள். நம் அரச அறிக்கைகள் மில்லியனில் எண்ணுகின்றன. பத்தாம் வகுப்பு என்று அங்கே முடிகின்ற படிப்புக்கு இங்கே க.பொ.த. சாதாரண தரம் என்று பெயர். இவற்றையெல்லாம் ஒரு பிள்ளை தானாகவே மாற்றி மாற்றிப் படித்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது, கூலிக்கு வேலை செய்து களைத்துவந்த தாய்க்கு அருகில் குப்பி விளக்கில் படித்த தலைமுறையிடம் அதிகமாகக் கேட்பதாகும். அந்தப் பிள்ளைகளுள் நானும் ஒருவன் என்பதால் சொல்கிறேன்.

மலையகத்தில் இந்த மாற்றிப் படிக்கும் பழக்கம் புதிதன்று. எங்கள் லயத்து வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கிய பஞ்சாங்கமே எனக்குத் தெரிந்த முதல் ஆண்டுநூல். வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்ற ஐந்தும், அவற்றோடு கிரகணம், சுபமுகூர்த்தம், விரத நாள்கள், சில வேளைகளில் தபாற் கட்டண விபரமும் கூட. அப்பா அதை வைத்துத்தான் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றும் நாளையும், மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நேரத்தையும் தலைவர்மாரோடு பேசுவார். அது யாழ்ப்பாணத்தில் கணித்ததாகவும் இருக்கும், சென்னையில் கணித்ததாகவும் இருக்கும். கடையில் எது கிடைத்ததோ அது. மார்கழியில் சென்னையின் பகல் நம் மலையின் பகலைவிட ஏறத்தாழ 20 நிமிடம் குறுகியது; ஆகவே உதயத்தை வைத்துக் கணிக்கும் எதுவும் இங்கே சற்றுத் தள்ளித்தான் பொருந்தும். அப்பா அதைத் தள்ளியே படித்தார்.

அந்தத் தள்ளிப் படித்தல் பெரிய சோதனைக்கு உள்ளானது 1996இல். மின்சாரத் தட்டுப்பாட்டின் காரணமாக அவ்வாண்டு வைகாசி மாதத்தில் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்தள்ளியது. ஐப்பசியில் அதில் அரை மணியைக் குறைத்தது. அதுவரை இந்தியாவின் நேரமும் இலங்கையின் நேரமும் ஒன்றுதான். கிறீனிச்சிலிருந்து ஐந்தரை மணிநேரம். அதன்பின் பத்தாண்டுகள் தீவுக்குள்ளேயே இரண்டு நேரங்கள் இருந்தன, ஏனெனில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டன. மலையகத்தில் நாங்கள் பாடசாலைக்குப் புது நேரத்தில் போனோம். கோயிலுக்குப் பழைய நேரத்தில் போனோம். திங்கட்கிழமை இராகுகாலம் 7.30 முதல் 9.00 வரை என்று நாட்காட்டியில் இருக்கும். வைகாசியில் அது 8.30 முதல் 10.00 ஆனது, ஐப்பசிக்குப் பிறகு 8.00 முதல் 9.30. எங்கள் கோயிலில் ஒரு திருமணத்தின்போது மாப்பிள்ளை வீட்டார் ஒரு நேரத்தையும் பெண் வீட்டார் இன்னொரு நேரத்தையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்பாதான் முடிவு சொன்னார்: "சூரியனுக்கு யாருப்பா புது நேரம் சொன்னது? பஞ்சாங்கத்துல உள்ளபடி கட்டுங்க." 2006ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நாடு மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியபோது அப்பா உயிரோடு இல்லை. இருந்திருந்தால், தாம் ஒரு நாளும் மாற்றாத சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து மிகவும் மகிழ்ந்திருப்பார்.

இதற்கும் முந்திய ஒரு குழப்பத்தை என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் வார விடுமுறை ஞாயிறு இல்லை. அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அட்டமிகள் என்று சந்திரனின் நான்கு கால்களை ஒட்டிய போயா தினங்களே ஓய்வு நாள்கள். அவற்றுக்கு முந்திய நாள் அரை விடுமுறை. சந்திர மாதம் ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள் என்பதால் நான்கு கால்களும் சரியாக ஏழு நாளில் வந்து நிற்பதில்லை. சில வாரங்கள் ஒரு நாள் நீண்டன. அடுத்த விடுமுறை என்றைக்கு என்று தெரிய வேண்டுமானால் சுவரைப் பார்க்க வேண்டும். கிழமை ஏழும் தெரிந்த மனிதனுக்கும் அவ்வாண்டுகளில் அச்சிட்ட தாள் ஒன்று தேவைப்பட்டது. வேறு எந்த நாட்டில் அச்சான ஆண்டுநூலும் அந்த ஐந்தாண்டுகளில் ஓர் இலங்கையருக்குத் தம் ஓய்வு நாளைச் சொல்லியிருக்க முடியாது.

நம் நாட்டுக்கென ஓர் ஆண்டுநூல் இருந்ததே இல்லையா என்று கேட்டால், இருந்தது. பேராதனையில் படித்த காலத்தில் பல்கலைக்கழக நூலகத்தின் இலங்கைப் பிரிவில் அதைக் கண்டேன். 'சிலோன் ஒப்சர்வர்' பத்திரிகையின் ஏ. எம். பெர்கசன் 1859 முதல் வெளியிட்டுவந்த இலங்கைக் கைநூலும் விபரக்கொத்தும் அது. தடித்த, செங்கல் போன்ற தொகுதிகள். குடிசனக் கணக்கு, சுங்க வரி, மழைவீழ்ச்சி, அரச உத்தியோகத்தர் பட்டியல் எல்லாம் உண்டு. ஆனால் அதன் உயிர் தோட்டங்களின் பட்டியல். டிம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியா என்று பயிர்ச்செய்கை மாவட்டம் மாவட்டமாக ஒவ்வொரு தோட்டமும் வரிசையில் நிற்கும்: இத்தனை ஏக்கர், அதில் பயிரிட்டது இத்தனை, உரிமையாளர் இவர், முகவர் நிறுவனம் இது, தோட்டத்தில் இருக்கும் துரை இவர். கோப்பிக்கு இலைநோய் கண்டது 1869இல். அதன் பின்னர் கோப்பி ஏக்கர்கள் தேய்ந்து தேயிலை ஏக்கர்கள் வளர்ந்ததை இந்தத் தொகுதிகளை ஆண்டுவாரியாகப் புரட்டினாலே காணலாம். ஆய்வாளனுக்கு இதைவிடச் சிறந்த சான்று அரிது. அதைத் தொகுத்தவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன்.

எங்கள் தோட்டத்தைத் தேடி எடுத்தேன். ஏக்கர் இருந்தது. துரையின் பெயர் முதலெழுத்துகளோடு இருந்தது. அந்த ஆண்டில் என் பூட்டன் அங்கே கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார். பூட்டி மலையில் இருந்தாள். அவர்களுக்கு அந்த நூலில் இடம் தொழிலாளர் என்ற சொல்லுக்கும் ஓர் எண்ணுக்கும் உள்ளே. நாடு என் நாடு, பதிப்பு நாட்டுப் பதிப்பு, ஆனால் மொழி ஆங்கிலம். அதன் வாசகர் பங்களாவில் இருந்தார். கூடலூரிலிருந்து வரும் நூலில் மொழி இருக்கிறது, மண் இல்லை. பெர்கசனின் நூலில் மண் ஏக்கர் கணக்கில் இருக்கிறது, மொழியும் இல்லை, ஆளும் இல்லை. இந்த இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துக்கொண்டுதான் நான் முப்பது ஆண்டுகளாகப் படிப்பிக்கிறேன்.

எந்த நூலிலும் எங்கள் கதை முழுமையாகக் கிடைக்கும் ஒரே இடம் குடிசன அட்டவணை என்று சில வேளை நினைப்பதுண்டு. 1911இல்தான் இந்தியத் தமிழர் என்ற தனி நிரல் முதன்முதலாகத் தோன்றியது. 1953இல் அந்த நிரலில் 974,098 பேர். நாட்டின் சனத்தொகையில் 12 சதவீதம். அப்போது அவர்களுள் மிகப் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின், எந்த நாட்டின் பிரஜைகளும் இல்லை. 1971இல் 1,174,606 பேர். பத்தாண்டு கழித்து 1981இல் 818,656. ஓர் ஆண்டுநூல் இந்த இரண்டு எண்களையும் கீழும் மேலுமாக அச்சிட்டுவிட்டு அடுத்த அட்டவணைக்குப் போய்விடும். நடுவில் குறைந்த மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோருள் என் பெரியப்பா, பெரியம்மா, அண்ணன், இரண்டு அக்காமார் அடங்குவர். 1964 ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்த வகுத்தலில் மீதி வராமல் பார்த்துக்கொண்டவர்கள் தலைமன்னார் வரை ரயிலில் போய் வழியனுப்பிய எங்களைப் பார்க்கவில்லை. நாடற்றிருந்த எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். 2012ஆம் ஆண்டுக் கணக்கில் அதே நிரலில் 839,504 பேர், 4.1 சதவீதம், நுவரெலியா மாவட்டத்தில் மட்டும் 53 சதவீதம். இலங்கைத் தமிழர் என்ற நிரலில் தம்மைப் பதிந்துகொண்டோரும் எங்களுள் உண்டு. நிரலின் பெயர் ஒன்றாக இருக்க, அதற்குள் இருக்கும் மனிதர் தம்மை மலையகத் தமிழர் என்று சொல்லிக்கொள்ளும்போது, எந்தப் பெயரை அச்சிடுவது என்று முடிவுசெய்வதும் பதிப்பாசிரியரின் வேலைதான். தமிழில், இந்த நாட்டில், எங்களுக்காக அந்த முடிவை எடுக்கும் நூல் ஒன்று வேண்டும்.

இன்று அச்சில் வரும் ஆண்டுநூல்களே அருகிவிட்டன. 'கிட்' 2007இல் நின்றது, 'ஆப்ரில்' 2015இல், இங்கிலாந்தின் 'பியர்ஸ்' 2017இல், ஜேர்மனியின் 'பிஷர்' அதற்கடுத்த ஆண்டில். கைத்தொலைபேசியில் எல்லாம் கிடைக்கும்போது நூல் எதற்கு என்கிறார்கள். அந்த நாட்டவர்கள் பல பதிப்புகளைக் கண்டபின் மூடினார்கள். அவர்களைப் பற்றிய தகவல் ஏற்கெனவே திரட்டப்பட்டுவிட்டது, அது இனி எங்கே இருந்தாலும் இருக்கும். திரட்டப்படாதது தொலைபேசியிலும் இல்லை. ஹட்டன் பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள கடைகளில் போட்டிப் பரீட்சைக்கான பொது அறிவு நூல்கள் கட்டுக்கட்டாக விற்கின்றன. என் மாணவர் பலர் அவற்றால் அரச தொழில் பெற்றிருக்கிறார்கள், அந்த நன்மையை நான் மறுக்கமாட்டேன். ஆயினும் அவை கேட்கப்பட்ட கேள்விகளுக்கான விடைகள். இதுவரை எந்தப் பரீட்சையும் கேட்காத ஒன்று அவற்றுள் ஏறாது.

ஆகவே ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால், பதினோராம் ஆண்டு மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெரிய கணக்குக் கொப்பியில் எங்கள் பதிப்பைத் தொடங்கினேன். முதற்பக்கத்தில் பாடசாலை மைதானத்திலிருந்து பார்த்துக் குறித்த சூரியோதயம். மலைக்கு மேலாகச் சூரியன் தலைகாட்டும் நேரம் பஞ்சாங்க உதயத்துக்கு நெடுநேரம் பிந்துகிறது என்பதைப் பிள்ளைகள் கண்டு எழுதினார்கள். அடுத்து, சுற்றியுள்ள தோட்டங்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டுப் பெயர் ஒருபுறமும் எங்கள் சனங்கள் அழைக்கும் பெயர் மறுபுறமும். தோட்டத்துப் பிரிவான டிவிசன் தோறும் எத்தனை லயம், லயத்து அறைகளான காம்பராக்கள் எத்தனை, எத்தனை தனிவீடு. எந்தக் கோயிலில் எந்த மாதம் திருவிழா. காமன் கூத்துப் பாட்டு முழுவதும் தெரிந்தவர் இன்னும் எத்தனை பேர். அம்பியூலன்ஸ் ஏறிவரக்கூடிய பாதை எது, பாதியில் நிற்கும் பாதை எது. துரையின் பெயருக்குப் பக்கத்தில் கங்காணி, கணக்கப்பிள்ளை, தலைவர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்து அம்மா என்று எல்லோருடைய பெயரும், அவரவர் சம்மதத்தோடு. எங்கள் முன்னோர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டு ஆனதை 2023இல் மலையகம் 200 என்று நாடெங்கும் நினைவுகூர்ந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்துவந்தோரைப் பார்த்துவிட்டு வந்த இரண்டு மாணவர்கள் முன்னோர் நடந்துவந்த அந்தப் பழைய நடைபாதைக்கென நான்கு பக்கங்களை ஒதுக்கினார்கள். 'உலக நாடுகள்' என்ற பகுதிக்கும் இடம் விட்டிருக்கிறோம். அதில் இந்தியாவுக்கு எத்தனை பக்கம் என்பதில் வகுப்பில் வாதம் நடந்தது; ஒரு பையன் அரைப் பக்கம் போதும் என்றான். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

சென்ற தையில் பொதி வந்தபோது அண்ணனோடு தொலைபேசியில் பேசினேன். அந்தக் கொப்பியைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்ம லயம் எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று கேட்டார். பதினேழாம் பக்கம் என்றேன். அந்த லயத்தில் அந்நாளில் எந்தக் காம்பராவில் யார் இருந்தார்கள் என்று ஒன்று முதல் பன்னிரண்டு வரை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். ஏழாம் காம்பரா மட்டும் நினைவுக்கு வரவில்லை. அக்காவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்த வரியை வெறுமையாக விட்டுவைத்திருக்கிறோம்.